முந்தி நட்டவள்

விதை தெளிக்க வேண்டிய ஒரு காலையில் நான் அடுப்படி அலமாரியை முழுவதுமாக இறக்கிவைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். மிளகாய்த்தூள் டப்பா, பருப்பு டப்பா, யாரோ கல்யாணத்தில் கொடுத்த எவர்சில்வர் தூக்கு, எல்லாம் பளபளவென்று மின்னின. முளைகட்டிய விதைநெல் மட்டும் சாக்குக்குள்ளேயே வேர் பின்னிக்கொண்டு கிடந்தது. என்னைப் போன்றவர்களைச் சோம்பேறி என்கிறவர்களுக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாங்கள் மாடாக உழைப்போம். செய்ய வேண்டிய அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்வோம்.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மாமனார் காலமான பிறகு அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். ரோட்டை ஒட்டிய வயல் கணவரின் அண்ணனுக்கு. அதற்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டிய வயல் எங்களுக்கு. "தண்ணி உங்களுக்குத்தான் முதல்ல பாயும், கொடுத்து வச்சவங்க" என்று அவர், என் அத்தான், அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். ரோடு யாருக்கு என்று யோசிக்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த வயலை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் நான் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். ஆனால் விதை சாக்கிலேயே கிடந்த அந்த வருஷம் நாற்று பிந்தியது, நடவும் பிந்தியது. முற்றிப்போன நாற்றை நட்டால் தூர் எங்கே கட்டும்? அறுத்து அளந்த கண்டுமுதல் பாதியாகிவிட்டது. கணவர் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இன்னும் ஒரு போகம் பாரு. சரியா வரலைன்னா அண்ணன்கிட்டயே குத்தகைக்கு விட்டுடலாம். உனக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார்.

அலைச்சல் மிச்சமாம். அந்த அலைச்சலைத்தானே நான் கேட்டு வாங்கியிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டுப் போய் மோட்டார் கொட்டகையைப் பெருக்கினேன். அப்போதும் அந்த வேளைக்குத் தேவையில்லாத வேலைதான் கைக்கு வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், குத்தகைக்கு எடுக்கப்போகிற அத்தான் என்னைவிடப் பெரிய தள்ளிப்போடுகிறவர். ஆனால் அவருக்குத் தினசரி காலண்டர் துணை இருந்தது. இன்றைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி, அடுத்த நாள் கரிநாள், அதற்கடுத்த நாள் பொருத்தமில்லாத நட்சத்திரம். கோயில் பக்கம் வருஷத்துக்கு ஒரு முறை எட்டிப்பார்க்கிற மனிதர், விதைவிட மட்டும் அவ்வளவு ஆசாரம் பார்ப்பார். அவர் நாள் தள்ளினால் அதற்குப் பஞ்சாங்கம் என்று பெயர். நான் தள்ளினால் சோம்பல். சுற்றியிருக்கிற வயல்காரர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துத்தான் விதைவிடுவார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்த சம்பாவுக்கு முன்னால் என்னை நானே திருத்திக்கொள்வது என்று முடிவுசெய்தேன். போனில் இதற்கென்று ஆயிரம் வீடியோ இருக்கிறது. கோட்டு போட்ட ஒருவர், மணி வைத்துக்கொண்டு வேலை செய், மணி அடித்ததும் ஓய்வெடு என்றார். இன்னொருவர் விடியற்காலையில் எழுந்து கண்ணை மூடி உட்காரச் சொன்னார். வேலையைத் தள்ளிப்போடாமல் இருப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டே ஒரு மத்தியானம் முழுவதும் வேலையைத் தள்ளிப்போட்டேன். அன்றைக்குத்தான் எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

எனக்கு வழி காட்டியது வெற்றிலை பாக்கு. எங்கள் ஊரில் நடவுக்குப் பெண்களைக் கூட்டி வருகிற அக்கா ஒருவர் உண்டு. வயல் தயாரானதும் அவர் வீட்டுக்குப் போய் நாள் சொல்லி வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்தால் அந்த நாள் நமக்கு. அன்றைக்கு நாற்று பறிக்கத் தயாராக இல்லையென்றால் கூட்டம் அடுத்த வயலுக்குப் போய்விடும். பிறகு நம் முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஊரில் பேச்சும் கெட்டுவிடும். எல்லோரும் கடைசியில் வைக்கிற அந்த வெற்றிலையை நான் முதலில் கொண்டுபோய் வைத்தேன். அப்போது வயலில் உழவு ஓட்டியிருக்கவில்லை, நாற்றங்காலில் விதையே விழவில்லை.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தங்கச்சி, நாத்து எங்க?"

"வந்துடும்க்கா. நீங்க தேதிய மட்டும் எழுதி வச்சுக்கங்க."

வெளியே வந்ததும் இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணினேன். அந்தக் கணக்கு என்னை ஓட வைத்தது. என் வார்த்தையை நானே நம்பமாட்டேன், ஊர் நம்பிவிட்டால் காப்பாற்றித்தான் ஆகவேண்டும். காலையில் டீ குடிப்பதற்கு முன் மண்வெட்டியோடு வரப்பில் போய் நிற்பது என்று வைத்துக்கொண்டேன். வேலை செய்யவேண்டும் என்றுகூட இல்லை, போய் நின்றால் போதும். நின்ற பிறகு சும்மா வர முடிவதில்லை, ஒரு மடையாவது கட்டிவிட்டு வருவேன். போனை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் போவேன். டிராக்டர்காரர், உரக்கடை என்று எல்லா இடத்திலும் முதலில் நாளைச் சொல்லிவிட்டுப் பிறகு அதன் பின்னால் ஓடினேன்.

"என்னம்மா அவசரம்? எல்லாரும் விதை விடட்டும்" என்றார் அத்தான், தன் தரிசு வழியாக என் டிராக்டர் போனபோது.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி அத்தான்" என்றேன். அப்படிப் பேசும் அளவுக்குத் திமிர் வந்திருந்தது எனக்கு.

சொன்ன நாளில் நடவு நடந்தது. களை எடுத்தது, மேலுரம் போட்டது, ஐப்பசி மழைக்கு முன் வடிகாலில் மண்டியிருந்த ஆகாயத்தாமரையை இழுத்துப்போட்டது எல்லாம் அந்தந்த நேரத்தில் நடந்தன. என் வாழ்க்கையில் அப்படி ஒரு புரட்டாசியும் ஐப்பசியும் இருந்ததில்லை. பயிர் கருகருவென்று தூர் கட்டி நின்றது. மார்கழிக் கடைசியில் கதிர் பழுத்துத் தலை சாய்ந்தபோது வரப்பில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். நடவிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்ததுபோல் அன்றைக்கும் போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

அறுவடை மெஷினுக்குச் சொல்லிவிட்டு வந்து ரோட்டில் நின்று வயலைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. ரோட்டுக்கும் என் வயலுக்கும் நடுவில் அத்தானுடைய பயிர் பச்சையாக நின்றது. மூன்று வாரம் பிந்தி நட்டது, கதிரில் இன்னும் பால்கூட முற்றவில்லை. இரண்டு பக்கத்து வயல்களும் அவரைப் பார்த்து நட்டவை, அவையும் பச்சை. பின்னால் வாய்க்கால். அறுவடை மெஷின் என்ன பறந்தா வரும்? முன்வயல் அறுத்தால்தான் உள்வயலுக்கு வழி. அதனால்தான் ஊர் மொத்தமும் ஒரே சமயத்தில் நடுகிறது. எல்லோரும் அவரைப் பார்த்து நட்டது அவருடைய காலண்டரை நம்பி அல்ல, அவருடைய ரோட்டை நம்பி. அந்தக் கணக்கு எனக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை.

அத்தானிடம் போனேன். "ஒரு மெஷின் போற அகலத்துக்கு மட்டும் வழி விடுங்க அத்தான். அந்த இடத்துக்கு உண்டான நெல்ல நானே அளந்து குடுத்துடறேன்."

"பச்சப் பயிர்ல மெஷின விடச் சொல்றியா? நல்ல நாளும் அதுவுமா அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா. தை பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ளலாம். எத்தனை வருஷம் நான் என்னிடமே சொல்லிக்கொண்ட வார்த்தை அது. இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது அது எப்படிச் சுடும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

நடவு அக்காவிடம் ஓடினேன், கையால் அறுத்துவிடலாம் என்று. "அருவா புடிச்சு எத்தனை வருஷமாச்சு தங்கச்சி? நாலு பேருகூடத் தேற மாட்டாங்க" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பொங்கல் வந்தது. பொங்கலுக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் கரிநாள். அத்தான் வீட்டில் காலண்டரைப் பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னார்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று. நான் காலையில் டீ குடிக்காமல் வரப்பில் போய் நின்றேன். பழக்கம். நிற்பதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பிறகு மழை. தையில் வரக்கூடாத மழை, விடாமல் பெய்தது. பழுத்த கதிர் தாங்குமா? மொத்தமும் பாயாகப் படுத்துவிட்டது. அத்தானின் பச்சைப் பயிர் மழையைக் குடித்துவிட்டு நிமிர்ந்து நின்றது. மழை விட்டுப் போய்த் தூக்கிப் பார்த்தபோது என் கதிர்களில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. அன்றைக்குச் சாக்குக்குள் முளைத்த நெல்லை நினைத்துக்கொண்டேன். அது நான் சும்மா இருந்ததால் வந்தது. இது நான் சும்மா இல்லாததால் வந்தது.

அத்தான் வரப்பில் வந்து நின்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை.

"ஊரு ஓடுனா ஒத்து ஓடணும்மா. எல்லாரோடயும் சேந்து நட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

இரவு கணவர் போன் செய்தார். அண்ணன் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தார். "ஒண்ணு தள்ளிப் போடுற, இல்லைன்னா அவசரப்படுற. உனக்கு இது சரிப்படாது, விட்டுடு" என்றார். வழி இல்லாததைச் சொன்னேன். "அது தெரிஞ்சிருக்கணும்ல" என்றார். பிறந்ததிலிருந்து அந்த வயலில் புரண்டவர், நான் முந்தி நடுகிறேன் என்று போட்டோ போட்டோவாக அனுப்பியபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இப்போது மறுபடி ஆவணி. வயல் அத்தானின் குத்தகையில் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்தும் இன்னும் விதை விடவில்லை, நல்ல நாளுக்காகக் காத்திருக்கிறார். இனி முன்வயலும் உள்வயலும் ஒருவருடையதே, எப்போது நட்டாலும் சேர்ந்து பழுக்கும். காலையில் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மண்வெட்டியை எடுக்கவேண்டிய தேவை இல்லாததால் டீ போட்டுக் குடிக்கிறேன். அடுப்படி அலமாரியில் பிசுக்கு ஏறிக் கிடக்கிறது. கழுவத் தோன்றவில்லை. எந்த வேலையிலிருந்து தப்பிக்க இதைக் கழுவவேண்டும்?