ஏ-போட்டிக்கு ஒரு பிறேக்

சமாதான காலம் வந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்ததும் மொன்றியலில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் பெட்டி கட்டத் தொடங்கினார்கள். ஊரிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல் வந்தது. மணிக்கூடு, சென்ட், சொக்லேட், முழங்காலுக்குப் பூசுகிற கிறீம். எனக்கு வந்த பட்டியலில் ஒரே ஒரு சாமான்தான்: அண்ணையின் ஏ-போட்டி காருக்கு ஒரு பிறேக் மாஸ்ரர்.

ஏ-போட்டி, அதாவது ஏ-நாற்பது, ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்த கார். அதைச் செய்த கொம்பனி வேறொன்றோடு சேர்ந்து, அது இன்னொன்றோடு சேர்ந்து, கடைசியில் இருந்த இடமே தெரியாமல் போய்விட்டது. இந்தச் செய்தியை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் யாரும் அறிவிக்கவில்லை. அண்ணை அதை ஹயருக்கு விட்டுத்தான் சீவித்தார். கலியாணம், ஆஸ்பத்திரி, ஆடு எல்லாம் அதில்தான் போகும். மிதிக்கிறபோது எண்ணெயைச் சில்லுக்குத் தள்ளுகிற பிறேக் மாஸ்ரர் பழுதானால் மிதி சும்மா கீழே போய் மேலே வரும், கார் தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும்.

“அப்ப எப்பிடி நிப்பாட்டுறியள்?” என்று தொலைபேசியில் கேட்டேன்.

“ஆக்கள் விலத்துவினம்,” என்றார்.

மூன்று பிள்ளைகளின் தகப்பன் கதைக்கிற கதையா இது? எத்தனை ஷெல்லுக்குத் தப்பின மனுசன், சமாதானம் வந்தபிறகு ஏதாவது மதிலில் மோதிச் சாகப்போகிறார் என்று நினைக்க அழுகையே வந்தது. சாமான் இல்லாமல் ஊருக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

மொன்றியலில், வில்லரேப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு கார்ச் சாமான் கடை இருந்தது. அங்கே நின்ற பெடியன் கொம்பியூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மடாம், இப்படி ஒரு கார் இல்லை,” என்று பிரெஞ்சில் சொன்னான். நான் விடவில்லை. என் சத்தம் தாங்காமல், பழைய கார் வைத்திருக்கிற ஓர் ஆங்கிலேயரின் விலாசத்தை எழுதித் தந்தான். அவரும் வந்தால் இப்படித்தான் சத்தம் போடுவாராம்.

அடுத்த சனிக்கிழமை காலை மெற்றோவும் இரண்டு பஸ்ஸும் பிடித்து, நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிற கர்க்லாண்டுக்குப் போனேன். எழுபது தாண்டிய நெட்டை மனிதர். கராஜுக்குள் கூட்டிப்போய்த் துணியை விலக்கினார். அதே ஏ-போட்டி. ஒரு கீறல் இல்லை. அண்ணையின் காரில் கீறல் இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டும்.

பனிக்காலத்தில் றோட்டில் உப்புப் போடுவார்கள், துருப்பிடிக்கும் என்று அவர் காரை வெளியே எடுப்பதில்லை. கோடையில் மழை வரும் என்று எடுப்பதில்லை. தங்கள் இங்கிலாந்துக் கொம்பனிகளுக்குச் செய்யத் தெரிந்தது, விற்கத்தான் தெரியவில்லை என்றார். பக்கத்து வீட்டுச் சின்னக் காரைக் காட்டி, அதில் இஞ்சினைக் குறுக்காக வைத்து முன் சில்லால் இழுக்க வைத்திருப்பதுகூட தங்கள் ஆட்கள் காட்டிய வழி என்றார். எல்லாம் சரி. பிறேக் மாஸ்ரர்?

இந்தக் காரில் இருக்கிற ஒன்றுதான், தர மாட்டேன் என்றார். போதாததற்கு, அண்ணை ஹயர் ஓட்டுகிற கதையைச் சொன்னதும், இந்தக் காரை உலகத்தில் யாரும் தொழிலுக்கு ஓட்டுவதில்லை என்று சிரித்தார்.

பொய்க்காரி என்று சொல்லாமல் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. “ரெலிபோன் எங்கே?” என்றேன். கைப்பையில் எப்போதும் போன் காட் இருக்கும். அண்ணையின் கார் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் காசு கொடுத்துத் தொலைபேசியில் கதைக்கிற ஒரு கொமினிக்கேசன் கடை. கடைக்காரர் கூப்பிட்டார், அண்ணை வந்தார். “அண்ணை, ஒண்டும் கேளாதேங்கோ. ரெலிபோனை யன்னலாலை விட்டிட்டுக் காரை ஸ்ராட் பண்ணுங்கோ.”

கிழவர் காதில் வைத்துக் கேட்டார். முகம் மாறியது.

“இது ஏ-போட்டி இஞ்சின் இல்லை,” என்றார்.

எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போகலாம் போலிருந்தது. ரிசீவரைப் பறித்து அண்ணையைக் கேட்டேன்.

“ஓம், அது ஜப்பான் இஞ்சின். சண்டைக்குள்ளை மாத்தினது. அதுக்கென்ன பிள்ளை? மற்றதெல்லாம் ஏ-போட்டிதானே.”

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். கோபித்துத் துரத்துவார் என்றுதான் நினைத்தேன். அவர் தன் காரின் மூக்கைத் தட்டிக் காட்டினார். ஜப்பான்காரர் முதலில் உரிமம் வாங்கிக் கட்டிப் பழகியதே இந்தக் காரைத்தான் என்றார். “அப்படியென்றால் பேரப்பிள்ளை தாத்தாவைச் சுமக்கிறான்.” பிறகு ரிசீவரை வாங்கி, பிறேக் இல்லாமல் எப்படி நிறுத்துகிறீர்கள் என்று நேரே கேட்டார்.

அண்ணை பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருடைய இங்கிலீசு எனக்கும் கேட்டது.

“ஹாண்ட் பிறேக், சேர். செக்கன்ட் கியர், சேர். லாஸ்ற், ஹோலி மாதா, சேர்.”

கிழவர் சிரிக்கவில்லை. ரிசீவரை என்னிடம் தந்துவிட்டு, மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, காருக்குக் கீழே படுத்தார். இரண்டு மணித்தியாலம் பிடித்தது. ஸ்பானர் வழுக்கும்போதெல்லாம் செத்துப்போன கொம்பனியைத் திட்டினார். நான் ரோச் லைற் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எண்ணெய்க் கையோடு எழும்பி, சாமானைப் பேப்பரில் சுற்றித் தந்தார். “இனி உங்கள் காருக்கு?” என்று கேட்டேன்.

அவர் துணியை இழுத்துக் காரை மூடினார்.

“இதுக்கு நிற்க மட்டும்தான் தெரியும்,” என்றார். “ஓடுகிற காருக்குக் கொண்டுபோய்க் கொடு.”