சிவப்புப் பெட்டி கேட்ட கேள்வி

ஆடிச் சாரல் விழும் நாட்களில் தென்காசிக்காரர்களுக்குப் போன் போடுவது வீண் வேலை. ஆள் அருவியில் நிற்பார், போன் வண்டியில் கிடந்து அலறிக்கொண்டிருக்கும். இது தெரிந்திருந்தும் முத்துசெல்வி அன்று காலை சாமுக்கு விடாமல் போன் போட்டாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சாம்தான் முந்தின நாள் அவள் கடைக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு காவல் மென்பொருளைப் போட்டுவிட்டுப் போனவன். போட்ட கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பிவிட்டான். நல்ல நேரம் பார்த்தான் குளிக்க.

முத்துசெல்வி வாசுதேவநல்லூரில் பிறந்து தென்காசிக்கு வாக்கப்பட்டு வந்தவள். குற்றாலம் ரோட்டில் ஒரு சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, மனு, காதுகுத்து அழைப்பு என்று எதைக் கொடுத்தாலும் பிழையில்லாமல் தட்டிக் கொடுப்பாள். விரல் அத்தனை வேகம். ஆனால் திரையில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்துவிட்டால் போதும், அந்த விரலெல்லாம் மரத்துப்போகும்.

காரணம் இருக்கிறது. சொந்தக் கடை போடுவதற்கு முன்பு அவள் ஸ்டான்லி அண்ணாச்சி கடையில் வேலை பார்த்தாள். ஒருநாள் கூட்டம் நெருக்கிய நேரத்தில் திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. என்ன செய்யட்டும் என்று கேட்டாள். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. "எதையாவது அமுக்கிட்டு வேலையப் பாரு ஏட்டி" என்றார். அவளும் 'அனுமதி' என்பதை அமுக்கினாள். கொஞ்ச நாளில் கடையிலிருந்த அத்தனை ஃபைலும் பூட்டிக்கொண்டது. பணம் கட்டினால்தான் திறப்போம் என்று எவனோ முகம் தெரியாதவன் திரையில் எழுதியிருந்தான். ஸ்டான்லி கடைவாசலில் நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எல்லாம் இவ அமுக்குன அமுக்கு" என்றார். மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அவர் சொன்னதைவிட, அதை அவளே நம்பிவிட்டாள் என்பதுதான் கொடுமை.

அதனால்தான் சாமிடம், "என்னக் கேக்காம ஒரு புரோகிராமும் உள்ள நுழையக் கூடாது" என்று கறாராகச் சொல்லியிருந்தாள். சாம் பொறுமையாக விளக்கினான்.

"கம்ப்யூட்டர ஆன் பண்ணுன ஒடனே சில புரோகிராம் தானா எந்திரிச்சு ஓட ஆரம்பிக்கும்க்கா. இனிமே ஒவ்வொண்ணும் ஒங்ககிட்ட கேட்டுட்டுதான் எந்திரிக்கும். ஒண்ணு அனுமதிக்கணும், இல்லைன்னா தடுக்கணும். அத நீங்கதான் சொல்லணும்."

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், சொன்னபடியே பெட்டிகள் வரிசைகட்டி நின்றன. அவள் யோசிக்கவே இல்லை. தடு, தடு, தடு. அதில் ஒரு பெட்டி, 'இந்த நிரல் நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் கவனிக்கிறது' என்று இங்கிலீஷில் சொன்னது. களவாணிப் பயல் மாட்டிக்கொண்டான் என்று அதை மட்டும் கொஞ்சம் பலமாகவே அமுக்கித் தடுத்தாள். பிறகு நிம்மதியாக டீ வரவழைத்துக் குடித்தாள்.

டீ கிளாஸைக் கீழே வைக்கவும் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. இலத்தூரில் அவர்கள் குடும்பத்துச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவை நடத்தும் கமிட்டியில் அவர்தான் பெரிய ஆள். கொடை நோட்டீஸ் எப்போதும் ஸ்டான்லி கடையில்தான் தயாராகும். இந்த வருஷம் அங்கே கூட்டம் தாங்காமல் இவளைத் தேடி வந்திருந்தார். மறுநாள் கொடைக்குப் பந்தக்கால் ஊன்றும் கால்நாட்டு. அதற்குள் நோட்டீஸ் வீடுவீடாகப் போய்ச் சேர வேண்டும் என்றால், மத்தியானத்துக்குள் அச்சகத்துக்கு ஃபைல் போயாக வேண்டும். நன்றாகச் செய்து கொடுத்தால் சுற்றுவட்டாரத்துக் கொடைகள் எல்லாம் இந்தக் கடைக்கு வரும். சொதப்பினால், 'ஸ்டான்லிகிட்டயே போயிருக்கலாம்' என்ற பேச்சு அதைவிட வேகமாக வரும்.

முத்துசெல்வி சாமியை நினைத்துக்கொண்டு முதல் வரியைத் தட்டினாள். திரையில் விழுந்தது அத்தனையும் இங்கிலீஷ் எழுத்து. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் இங்கிலீஷ்.

அண்ணாச்சி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தார். "என்னம்மா, எங்க சுடலைமாடன் இங்கிலீஷ்ல வந்து நிக்காரு?"

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி" என்றாள். சாமுக்கு விடாமல் போன் போட்டது இந்த நேரத்தில்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

தடுத்தவற்றின் பட்டியலைத் திறந்தாள். இதில் எதையோ தடுத்ததால்தான் தமிழ் போய்விட்டது என்பது வரை விளங்கியது. எது என்று விளங்கவில்லை. எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டால் தமிழ் வந்துவிடும். கூடவே என்னவெல்லாம் வரும் என்று யாருக்குத் தெரியும்? பழைய சிவப்புப் பெட்டியும் ஸ்டான்லியின் குரலும் நினைவுக்கு வந்தன. எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது.

ஆனால் அண்ணாச்சி அவசரப்படுத்தவில்லை. விசிறி இல்லாத குறைக்குத் துண்டை வீசிக்கொண்டு, "மெதுவாப் பாரும்மா, நான் எங்கயும் ஓடல" என்றார். அந்த ஒரு சொல்லில் அவளுக்கு மூச்சு வந்தது. பெட்டியின் நிறத்தைப் பார்த்துப் பயப்படுவதை விட்டுவிட்டு, அதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று முதல்முறையாக வாசித்தாள். இங்கிலீஷ் அவளுக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். நிரலின் பெயர் என்ன, யார் செய்தது, கம்ப்யூட்டருக்குள் எங்கே இருக்கிறது, எப்போது வந்தது, எல்லாம் பொடி எழுத்தில் இருந்தது.

விசைகளைக் கவனிக்கும் களவாணி வந்த தேதியைப் பார்த்தாள். கடை திறந்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்த நாள். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அது அவளே ஏற்றிய தமிழ்த் தட்டச்சு நிரல். அவள் தட்டுவதைக் கவனிக்காமல் அது எப்படித் தமிழாக்கும்? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'அனுமதி' என்பதை அமுக்கிவிட்டு முதல் வரியை மறுபடி தட்டினாள். சுடலைமாடன் ஜம்மென்று தமிழில் வந்து உட்கார்ந்தார்.

"பேரெல்லாம் இதுல இருக்கு. போன வருஷ நோட்டீஸு. நேத்துதான் ஸ்டான்லி கடையில போயி ஏத்தி வாங்குனேன்" என்று அண்ணாச்சி ஒரு பென்டிரைவை நீட்டினார். அவள் சொருகி, உள்ளேயிருந்த ஃபோல்டரைத் திறந்தாள். உடனே ஒரு பெட்டி வந்தது. கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் தானும் எழுந்து ஓட ஒரு நிரல் அனுமதி கேட்டது. இந்தத் தடவை வாசித்தாள். பெயர் என்று கன்னாபின்னா எழுத்துக்கள். செய்தவர் யார் என்ற இடம் காலி. வந்த வழி பென்டிரைவ், வந்த நேரம் இப்போதுதான்.

தடுத்தாள். பென்டிரைவை உருவி அவரிடம் கொடுத்தாள்.

"இத வேற எங்கனயும் சொருகாதீங்க அண்ணாச்சி, உள்ள கெட்டது இருக்கு. சாம் வந்து பாக்கட்டும். பேர நீங்க சொல்லுங்க, நான் அடிக்கேன்."

அவர் ஒரு பெயர் விடாமல் சொன்னார். யாருக்கு முன்னால் யார் வர வேண்டும் என்று தனக்குத்தானே சண்டை போட்டு, தானே சமாதானமும் ஆனார். மத்தியானத்துக்கு முன்பே ஃபைல் அச்சகத்துக்குப் போனது. "அடுத்த வருஷமும் ஒன்கிட்டதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆள் போனபின் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பென்டிரைவில் இருந்தது ஸ்டான்லி கடையிலிருந்து வந்திருக்கிறது. அப்படியென்றால் அங்கே இன்னமும் யாரோ வாசிக்காமல் அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு அமுக்கியது அவள் விரல்தான். ஆனால் அந்த விரலுக்கு வாசிக்க நேரம் கொடுக்காதவர் யார்? அவளுக்குக் கோபம் வந்தது. பட்டால்தான் தெரியும் என்று விட்டுவிடவும் தோன்றியது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஊரில் பாதிப்பேர் வீட்டுக் கல்யாணம் இருக்கிறது. மனசு கேட்கவில்லை. போனை எடுத்தாள்.

சாரல் காலத்திலும் கடையை விட்டு அசையாத மனுஷர் ஸ்டான்லி. உடனே எடுத்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"செல்வி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இங்கனயும் காலையில இருந்து ஒரு செவப்புப் பெட்டி வந்து நிக்குது. நான் எப்பவும் அமுக்கி விட்டுருவேன். எத அமுக்கணும், நீயே சொல்லு."

முத்துசெல்வி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப ஒண்ணையும் அமுக்காதீங்க அண்ணாச்சி. அதுல என்ன போட்டிருக்குன்னு மொதல்ல வாசிங்க. மெதுவா வாசிங்க, நான் எங்கயும் ஓடல."

அந்தப் பக்கம் ஸ்டான்லி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார்.