ஆபீஸ் வேலைக்கு ஆள் தேவை

"ஆபீஸ் வேலைக்கு ஆள் தேவை" என்று போன வாரம் இங்கே போட்டிருந்தேன். நீங்களும் ஷேர் செய்து தள்ளினீர்கள்.

உண்மையில் அது அரியலூருக்கு வெளியே, எங்கள் எடைமேடையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குச் சீட்டுப் போடும் வேலை. விடிவதற்குள் வந்துவிட வேண்டும், நாள் முழுக்கத் தூசி. அதையெல்லாம் எழுதினால் யார் வருவார்கள் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை மீன்சுருட்டியிலிருந்து ஒரு பெண் பஸ் மாறி வந்திருந்தார். பி.காம். படித்தவர். கஞ்சி போட்ட காட்டன் புடவையோடு லாரிகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி வந்து, எங்கள் தகரக் கொட்டகையை எட்டிப் பார்த்தார்.

"ஆபீஸ் எங்கங்க சார்?"

"இதுதாம்மா."

வேலை நேரத்தைச் சொன்னேன்.

"அந்நேரத்துக்கு எங்கூர்லேருந்து பஸ்ஸே கெடையாதுங்களே" என்றார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். "வூட்லேருந்து போன் வந்தா, வேற ஆள் எடுத்துட்டோம்னு சொல்லிடுங்க சார். வெளம்பரமே பொய்யின்னு தெரிஞ்சா, இனிமே எந்த இன்டர்வியூக்கும் அனுப்ப மாட்டாங்க."

மதியம் அவருடைய மாமியார் கூப்பிட்டார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டபடியே சொன்னேன்.

"முந்தின பஸ்ஸுக்கே கெளம்புடின்னு சொன்னேன் தம்பி, கேட்டாளா? நல்ல ஆபீஸ் வேலைய வுட்டுட்டு வந்து நிக்கிறா."

"ஆமாங்க" என்றேன்.

விளம்பரத்தைத் திருத்திவிட்டேன். எடைமேடை, தூசி, வேலை நேரம் எல்லாம் இருக்கிறது. இதையும் அதே வேகத்தில் ஷேர் செய்கிறீர்களா, பார்ப்போம்.