தனகோட்டி கழற்றிய புல்லி

மூன்றாவது பேரிங்கையும் காதோரம் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு மேசைமேல் தள்ளிவிட்டார் தனகோட்டி. மூன்றும் ஒரே பெட்டியில் வந்த ஒரே சரக்கு என்று, செஞ்சி கடைத்தெருவில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் விஷ்ணு பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"பொட்டி ஒண்ணா இருக்கலாம். உள்ள உருள்ற குண்டு ஒண்ணா இல்லியே," என்றார் தனகோட்டி.

நான்காவது சத்தம் போடவில்லை. அதைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கடைக்காரரிடம் விடைகூடப் பெறாமல் மொபெட்டை உதைத்துக் கிளப்பினார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நெல் அறுக்கும் மிஷின்களைப் பழுது பார்ப்பது தொழில். திண்டிவனம் சாலையில் ஒரு தகரக் கொட்டகை உண்டு என்றாலும் அங்கே அவரைப் பார்ப்பது அபூர்வம். அறுப்பு மிஷின் கொட்டகையில் நிற்கும்போது கெட்டுப்போவதில்லை. பாதி அறுத்த வயலின் நடுவில்தான் கெட்டுப்போகும். ஆகவே தை மாதம் முழுக்க அவர் யாராவது ஒருவருடைய வயலில், சேற்றில் முட்டி போட்டுக்கொண்டு, யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். மிஷினை மட்டும் திட்டமாட்டார். "மிஷின் இன்னா பண்ணும், பாவம்" என்பதுதான் அவர் வாயில் அதிகம் வரும் வார்த்தை. அதற்கு அடுத்து வருவது அந்த மிஷினின் சொந்தக்காரரைப் பற்றியதாக இருக்கும். கையில் கிரீஸ் இருக்கும்போது போனை எடுக்கமாட்டார். கையில் கிரீஸ் இல்லாத நேரம் சாப்பிடும் நேரம் ஒன்றுதான். அப்போதும் எடுக்கமாட்டார். சீசனில் அவரைப் பிடிக்க வேண்டுமானால் நேரில் ஆள் வர வேண்டும் என்று அவர் மனைவி சாரதா எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார்.

அன்றைக்கு நேரில் வந்தவர் அனந்தபுரம் கோவிந்தராஜ். சொந்தமாக ஒரு மிஷின் வைத்துத் தானே ஓட்டுகிறவர். தொண்டூரில் மீனம்பாள் என்பவரின் வயலில் காலை ஒன்பது மணிக்கு வண்டி நின்றுவிட்டது. என்ன சத்தம் என்று கேட்டதற்குத் தன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். அதில் காற்றும் கோவிந்தராஜின் குரலும்தான் கேட்டன. "சத்தம் வருதுண்ணா, சத்தம் வருதுண்ணா" என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. தனகோட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கோபத்தை விழுங்கும்போது அவர் செய்கிற காரியம் அது. பேரிங்காகத்தான் இருக்கும் என்று கணித்து, விஷ்ணு கடையில் அதை வாங்கிக்கொண்டு வயலுக்கு வந்து சேர்ந்தார்.

மூன்று ஏக்கரில் பாதி அறுபட்டிருந்தது. மீதிப் பயிர் முந்தைய வாரக் காற்றில் சாய்ந்து தரையோடு படுத்திருந்தது. கிழக்கே வானம் காலையிலிருந்தே கருத்துக்கொண்டு வந்தது. சாய்ந்த நெல்மேல் மழை விழுந்தால் வயலிலேயே முளைத்துவிடும். மீனம்பாள் அந்த வயலுக்கு இரண்டு முறை நாற்று விட்டவர். முதல் நாற்று ஐப்பசி மழையில் முழுகி அழுகிவிட்டது. அவர் வரப்பில் நின்று வானத்தையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனகோட்டி குனிந்து பார்த்தார். பெல்ட் ஓடும் புல்லியின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. பக்கத்தில் சுத்தியல் பட்ட இடங்கள் பளபளத்தன.

யார் அடித்தது என்று கேட்டார். போன் வீடியோவில் ஒருத்தர் அடித்துக் கழற்றிக் காட்டியதாகவும், அதைப் பார்த்துத்தான் தானும் அடித்ததாகவும் கோவிந்தராஜ் சொன்னார். அது வார்ப்பு இரும்பு, சுத்தியால் அடித்தால் ஓடு மாதிரி உடையும், போனில் காட்டியவன் வந்து புதுசு வாங்கித் தருவானா என்று தனகோட்டி ஆரம்பித்தார். அது முடிய ஐந்து நிமிடம் ஆனது.

பிறகு புல்லி உட்கார்ந்திருக்கும் அச்சான ஷாஃப்ட்டின் முனையைச் சுரண்டினார். புல்லியும் ஷாஃப்ட்டும் துரு ஏறி ஒன்றாகிப் போயிருந்தன. புல்லி வழுக்காமல் இருக்க நடுவில் செருகியிருந்த சாவிக்கட்டை கல் மாதிரி இறுகியிருந்தது. மாட்டும்போது கிரீஸ் தடவிய அடையாளமே இல்லை. கோபம் இப்போது ஆள் மாறியது.

"எவனோ ஒரு அவசரக்காரன் மாட்டியிருக்கான். ஒரு விரல் கிரீஸ் தடவ நேரமில்ல அவனுக்கு. இவன்லாம் எதுக்கு ஸ்பேனர் புடிக்கிறான்?"

கோவிந்தராஜ் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். பேசாமல் இருக்கும்படி தனகோட்டி கையைக் காட்டினார்.

புல்லியை இழுத்துக் கழற்றும் மூன்று கால் புல்லரை மாட்டி, நடுத் திருகை முறுக்கினார். இரும்பு முனகியது, புல்லி அசையவில்லை. துருவை இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருந்தார். மறுபடி முறுக்கினார். மறுபடி காத்திருந்தார். ஒரு மணி நேரம் இப்படியே போனது. அந்த ஒரு மணி நேரமும் முகம் தெரியாத அந்த அவசரக்காரனின் வேலையை, அவன் கற்றுக்கொண்ட லட்சணத்தை, அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனை என்று எதையும் விடாமல் திட்டினார். கோவிந்தராஜ் இரண்டாம் முறையும் வாய் எடுத்தார். அப்போதும் பலிக்கவில்லை. கடைசியில் கேஸ் வைத்துச் சூடு காட்டலாமா என்று மட்டும் கேட்டார்.

மிஷினின் ஒவ்வொரு இடுக்கிலும் வைக்கோல் தூசி அடைந்திருந்தது. சுற்றிலும் காய்ந்த நெல்தாள்.

"வைக்கோல் மேல நின்னுகினு நெருப்பு கேக்கிற நீ," என்றார் தனகோட்டி. ஆனால் சூடு என்ற வார்த்தை அவருக்குள் நின்றுவிட்டது. மீனம்பாளைப் பார்த்து, வெந்நீர் போட முடியுமா என்று கேட்டார்.

மோட்டார் கொட்டாய்ப் பக்கம், வைக்கோலுக்கு எட்டாத தூரத்தில் கல் கூட்டி மீனம்பாள் அடுப்பு மூட்டினார். நெல் அவிக்கிற அண்டாவில் நீர் கொதித்தது. தனகோட்டி புல்லியின் நடுப்பாகத்தில் கந்தல் சாக்கைச் சுற்றினார். புல்லரை முறுக்கி இறுக்கத்தில் வைத்தார். கொதிநீரைக் கோவிந்தராஜ் குடத்தில் கொண்டுவர, அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். முதல் குடத்துக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவது குடம் பாதி தீர்ந்தபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, விரலைச் சொடுக்கியது போல. புல்லி ஒரு நெல்மணி அகலத்துக்கு வெளியே வந்திருந்தது. அதற்குமேல் சிரமமில்லை.

பின்னால் இருந்த பேரிங் நொறுங்கிப் போயிருந்தது. குண்டுகள் இரண்டு சேற்றில் விழுந்தன. மிச்சத்தை இழுத்து எடுத்தபோது, பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே செருகியிருந்த ஒரு தகரத் துண்டு கையோடு வந்தது. தனகோட்டி அதைத் துடைத்தார். அதில் அச்சடித்திருந்த பச்சை இலையும் பாதி மயிலும் தெரிந்தன.

அது சாரதா ரவை போட்டுவைத்திருந்த டின். அதை வெட்டியதற்காக ஒரு வாரம் சாரதா அவரோடு பேசவில்லை. கொரோனா ஊரடங்கில் ஒரு கடையும் திறக்காத நாளில், இதே மிஷினுக்குச் சரியான பேரிங் கிடைக்காமல், கழித்துப்போட்ட பேரிங் ஒன்றை எடுத்தார். அதன் துளை அரை நூல் பெரிதாக இருந்தது. இடைவெளிக்குத் தகரத்தை வெட்டிச் சுற்றி, அவசர அவசரமாக அடித்து மாட்டினார். ரெண்டு நாளைக்கு ஓட்டு, கடை திறந்ததும் மாற்றித் தருகிறேன் என்று கோவிந்தராஜிடம் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

நிமிர்ந்து கோவிந்தராஜைப் பார்த்தார்.

"அதத்தாண்ணா சொல்ல வந்தேன். ரெண்டு வாட்டி வாயெடுத்தேன்."

"இத்தினி வருஷமா ஏன்யா வரல?"

"போன் பண்ணேன். நீங்க எடுக்கல. அப்புறம் ஓடிகினுதான இருக்குதுன்னு வுட்டுட்டேன்."

தனகோட்டி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கச் சுத்தமான இடம் சட்டையில் எங்கும் இல்லை. மறுபடி மாட்டிக்கொண்டார். ஒரு மணி நேரமாகத் திட்டிய அத்தனையும் சுற்றிவந்து தன் தலையிலேயே இறங்குவது போலிருந்தது. அதே சமயம், ரெண்டு நாளைக்கு என்று சொன்னதை இத்தனை சீசன் ஓட்டிய மனிதனை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

மீனம்பாள் வரப்பிலிருந்து இறங்கி வந்திருந்தார். "இன்னாய்யா ஆச்சு? யார் மாட்டினதாம்?"

தனகோட்டி தகரத்தை நீட்டினார். "நான்தாம்மா."

மீனம்பாள் அந்தத் தகரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "சரி. அப்ப இன்னொரு வாட்டி நீயே ஒழுங்கா மாட்டு," என்றார்.

நல்ல வேளையாக, தேய்மானம் முழுவதையும் தகரமே வாங்கிக்கொண்டதில் ஷாஃப்ட் தப்பித்திருந்தது. உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுத்தார். புது பேரிங்கை உட்கார வைத்து, அதன் பூட்டு வளையத்தை முடுக்கினார். ஷாஃப்ட்டுக்கும் சாவிக்கட்டைக்கும் கிரீஸை அள்ளிப் பூசினார். புல்லியின் பெயர்ந்த விளிம்பை பெல்ட்டை அறுக்காதபடி அரத்தால் ராவினார். இதற்கெல்லாம் அவர் வாயே திறக்கவில்லை. அது கோவிந்தராஜுக்குத் திட்டு வாங்கியதைவிடக் கலக்கமாக இருந்தது. மெதுவாக ஓட்டினால் இந்தப் புல்லி எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார்.

"ரெண்டு..." என்று ஆரம்பித்த தனகோட்டி சட்டென்று நிறுத்திக்கொண்டார். "நாளே கெடையாது. இந்த வயல் முடிஞ்சதும் வண்டி நேரா என் கொட்டாய்க்கு வரணும். வரலன்னா நானே வந்து ஓட்டிகினு போயிடுவேன்."

மூன்று மணிக்கு மிஷின் கிளம்பியது. பத்து நிமிடம் ஓடியதும் நிறுத்தச் சொல்லி, பேரிங் கூட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்புதான். போகலாம் என்று தலையசைத்தார். சாய்ந்த பயிரை எதிர்த்திசையில் பிடித்து கோவிந்தராஜ் அறுத்தார். நெல் டிராக்டரில் ஏறி, அதன்மேல் தார்ப்பாய் விழுந்தபோது தூறல் ஆரம்பித்துவிட்டது. வாய்க்கால் ஓரத்தில் பத்து சென்ட் மட்டும் நின்றுபோனது. அதைக் கையால் அறுத்துக்கொள்கிறேன் என்று மீனம்பாள் அரிவாள் எடுக்கப் போனார்.

மிஷின் சாலைக்கு ஏறியதும் தனகோட்டி அதை மறித்து நின்று, கிரீஸ் அடிக்கிற கன் எங்கே என்று கேட்டார். கோவிந்தராஜ் வேறு பக்கம் பார்த்தார். அது போன சீசனிலேயே எங்கோ விழுந்துவிட்டது.

தினமும் காலையில் ரெண்டு அழுத்து அழுத்துகிறதற்கு என்ன கேடு, சோறு மட்டும் வேளாவேளைக்கு இறங்குகிறதா என்று தனகோட்டி மறுபடி ஆரம்பித்தார். மழை வலுத்தது. திட்டிக்கொண்டே தன் பைக்குள் கையை விட்டு, யாருக்கும் இரவல் தராத தன் கிரீஸ் கன்னை எடுத்தார். மிஷினின் ஏணிக் கம்பியில் அதை வைத்துக் கட்டுக்கம்பியால் சுற்றி, குறடால் ஒரு முறுக்கு முறுக்கினார். இழுத்துப் பார்த்தார். திருப்தியில்லாமல் இன்னொரு முறுக்கும் போட்டார்.