வட்டப் பரிசலில் ஈயநூல்

அன்று பரிசலில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஓவர்சியர், துடுப்புப் போடுகிற பாய், அணைக்கட்டு ஆபீஸ் குமாஸ்தாவான நான். இல்லாதவர் எஞ்சினியர். அவருக்காகத்தான் மீன் பிடிக்கப் போனோம்.

ஓவர்சியரின் மனைவி சேலத்தில் நிறைமாதமாக இருந்தார். ஓவர்சியருக்கு அங்கே மாற்றல் வேண்டும். தர வேண்டியவர் எஞ்சினியர். அந்த மனிதர் வலை மீனைத் தொடமாட்டார். சீமையிலிருந்து வரவழைத்த ஈயநூல் உருளையை ஓவர்சியரிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்கு வரும்போது இதில் பிடித்த மீன் இலையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

நைலான் பின்னலுக்குள்ளே மெல்லிய ஈயக்கம்பி ஓடும் நூல் அது. கனத்தில் தானே ஆழத்துக்கு இறங்கும். பத்துக் கஜத்துக்கு ஒரு நிறம். படகின் பின்னால் விட்டு இழுத்துக்கொண்டே போனால் பெரிய மீன் கடிக்குமாம். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆகவே கூட வந்த இங்கிலீஷ் காகிதத்தைப் படித்து முடிச்சுப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தேன். நுனியில் ஒரு சாண் ஈயத்தை உருவிவிட வேண்டும். வெற்றுப் பின்னலுக்குள் தூண்டில் முள் கட்டிய நரம்பை நுழைத்து, இரண்டையும் சேர்த்து முடிந்து, எச்சில் தொட்டு இறுக்க வேண்டும்.

ஈயத்தை உருவியதும் ஓவர்சியருக்கு முகம் வெளுத்தது. சாமான் குறைந்தால் கணக்குக் கேட்பார்கள் என்றார். உருவிய துண்டைத் தீப்பெட்டியில் போட்டு, மேலே சாட்சியாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

அணையில் முதன்முதலாகத் தண்ணீர் நின்றதற்கு மறுவருஷம் அது. நேராகப் போக வேண்டும் என்று காகிதம் சொன்னதைப் பாயிடம் சொன்னேன்.

"பரிசலு வட்டமுங்க. நேரா போவணும்னா குருபரப்பள்ளி பஸ்ஸுல போங்க சார்" என்றார்.

ஆனாலும் துடுப்புப் போட்டார். பரிசல் சுற்றிச் சுற்றிப் போனது. நூல் முதலில் பரிசலைச் சுற்றியது, பிறகு ஓவர்சியரை. அவரை அவிழ்த்து மூன்றாவது நிறத்தை விட்டபோது வெடுக்கென்று பிடித்தது. ஓவர்சியர் ஆனந்தத்தில் எழுந்து நின்றார். பாய் தண்ணீரையும் கரையையும் மாறி மாறிப் பார்த்து, அது போன வருஷம் முழுகிப்போன புளியமரம் என்றார்.

இழுத்தோம். மரம் வரவில்லை, என் முடிச்சும் அவிழவில்லை. சொல்ல வெட்கம்தான், எனக்குப் பெருமையாக இருந்தது. அறுக்கலாம் என்றார் பாய். எஞ்சினியர் நூலை அறுப்பதாவது என்றார் ஓவர்சியர்.

அதற்குள் கரையில் ஜீப் வந்து நின்றது. எஞ்சினியர் இறங்கி, ஓவர்சியர் கையில் வளைந்து நின்ற தூண்டில் கழியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். விடாதே, விளையாட விட்டுப் பிடி என்று கூவினார். ஓவர்சியர் என்ன செய்வார்? கொஞ்சம் விட்டார், கொஞ்சம் இழுத்தார். மீன் ஓடுவது போலத் தெரிய வேண்டுமே என்று மரத்தைச் சுற்றிப் பரிசலைச் செலுத்தும்படி பாயைக் கெஞ்சினார். மரம் எங்களை வெகுநேரம் சுற்றவிட்டது. கரையில் எஞ்சினியருக்கு நாற்காலி போட்டார்கள். சாப்பாட்டையும் அங்கேயே வரவழைத்தார்.

மோர் குடித்துவிட்டு அவர் உரக்கச் சொன்னார்: "இப்படி ஒரு மீனும் இப்படி ஒரு ஆளும் இருக்கிற அணை வேற எங்கய்யா இருக்கு? உனக்குச் சேலம் கீலம் எல்லாம் வேண்டாம். இங்கயே இரு."

ஓவர்சியர் கழியை என் கையில் திணித்தார். கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்: "சார், இது மீன் இல்லைங்க சார். புளியமரம்."

எஞ்சினியர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, எந்த நிறம் வரை தண்ணீருக்குள் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். மூன்று நிறம் என்றேன். அங்கேயே அறுக்கச் சொன்னார். போன நிறத்துக்கு மட்டும் விலை, நிறத்துக்கு நான்கு ரூபாய், இழுத்தவனும் முடிச்சுப் போட்டவனும் பாதிப் பாதி என்று அங்கேயே தீர்ப்புச் சொன்னார். மரத்தை மீன் என்று நம்பி வெயிலில் உட்கார்ந்த கதையை ஊருக்குள் சொல்ல ஆள் இருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, மறுநாளே ஓவர்சியருக்குச் சேலம் உத்தரவு வந்துவிட்டது.

பாயின் அரைநாள் கூலி இரண்டு ரூபாயையும் சேர்த்து, எங்களுக்கு ஆன செலவு பதினான்கு ரூபாய்.