நாலு கண் கமெரா

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு மூத்தவரான காக்கா சவூதியில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். போனவர் ஊர்ப்பக்கம் தலைகாட்டவேயில்லை. லீவில் கல்முனைக்கு வந்த அவருடைய கூட்டாளிதான் காக்காவின் படமொன்றைக் கொண்டுவந்து தந்தார். உள்ளங்கை அளவுதான். மேலே நகத்தால் இழுத்தால் 'கிர்ர்' என்றது.

படத்தில் தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பின்னால் காக்கா, அவருக்குப் பின்னால் லொறி. மூன்றும் நிசமாகவே தள்ளித் தள்ளி நின்றன. பார்க்க வந்த பக்கத்து வீட்டு மாமி படத்தைக் கையில் வாங்கியதும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆம்புள வந்து நிண்டமாதிரிக் கிடக்கு புள்ள!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

உம்மா மட்டும், "எனக்கு மத்தப் படம் மாதிரித்தான் தெரியிது," என்று திருப்பித் தந்தார். மகன் வராத கோபம் என்றார் மாமி. அவருக்கு எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும். உம்மா குசினிக்குள் போய்விட்டார். ஊராருக்கெல்லாம் எழுந்து நிற்கிற மகன் பெற்றவளுக்கு மட்டும் நிற்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

கூட்டாளியைப் பிடித்துக் குடைந்தேன். அதைப் பிடித்த கமெராவுக்கு வரிசையாக நாலு கண்ணாம். ஒரு அமுக்கில் நாலு படம் விழுமாம், ஒவ்வொன்றும் கொஞ்சம் பக்கம் தள்ளி. நாலையும் மெல்லிய கோடுகளாக்கி, வரிவரியான பிளாஸ்டிக்கின் அடியில் மாறி மாறிப் பதிப்பார்களாம். ஒவ்வொரு வரியும் ஒரு குட்டி வில்லை. அது வலக் கண்ணுக்கு ஒரு படத்தையும் இடக் கண்ணுக்கு வேறொன்றையும் காட்டுமாம்.

எனக்குத் திக்கென்றது. சூடடிக்கும் களத்தில் வைக்கோல் குத்தி உம்மாவின் இடக் கண் எப்போதோ போய்விட்டது. நானும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படத்தைப் பார்த்தேன். காக்கா தட்டையாகிப்போனார். சீ என்று தலையை ஆட்டினேன். பீப்பா நகர்ந்தது! அதன் பின்னாலிருந்து காக்கா எட்டிப் பார்த்தார்.

குசினிக்கு ஓடி, படத்தை உம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். "தலைய அங்கயும் இஞ்சயும் ஆட்டிப் பாருங்க உம்மா."

ஆட்டினார். அடுப்பில் கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியுதா?"

"ஓம். என்ட புள்ள நிக்கிறான்."

கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. தலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"போதும் உம்மா, கழுத்து நோகும்."

"நிப்பாட்டினா திரும்பவும் படமாயிருவான், மகள்."