காந்த நட்சத்திரமும் சந்தியில் என் முகமும்

“அம்மா, அந்த நட்சத்திரம் வெடிச்சத முதல் கண்டது நீங்கதானே?”

போன கிழமை, பாலர் பாடசாலையிலிருந்து ஓட்டோவில் திரும்பும்போது மகள் கேட்டாள். அவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. ஆனால் சந்தியில் கட்டியிருந்த பனரில் என் முகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். எழுத்துக்களைச் சத்தமாக வாசித்துக் காட்டியவர் ஓட்டோக்கார அண்ணன். “விண்வெடிப்பை உலகில் முதலில் கண்ட எங்கள் பாடசாலை மகளுக்குப் பாராட்டு விழா.” பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “தங்கச்சி, இது நீங்களோ? நான் புதுசா திறக்கிற நகைக்கடையெண்டெல்லோ நினைச்சன்!”

அவர்மேல் பிழையில்லை. பழைய மாணவர் சங்கத்தினர் என் கலியாண அல்பத்திலிருந்து படத்தை வெட்டியிருந்தார்கள். பாதி மாலையும் முழு அட்டியலும் அப்படியே இருந்தன. பின்னேரம் தோசை சுடவா என்று மகளிடம் கேட்டுக் கதையை மாற்றினேன்.

வெயிலில் சூடேறிய பனருக்கு ஒரு மணம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பிளாஸ்ரிக்கும் மையும் கலந்த மணம். எனக்கு அது என் பழைய வேலைத்தலத்தின் மணம். துறைமுகப் பக்கம் ஒரு கடைக்கு மேல் எங்கள் அறை இருந்தது. கடலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கணினித் திரையில் விழாதிருக்க, ஜன்னலுக்கு ஒரு பழைய ரியூசன் விளம்பரப் பனரைக் கட்டியிருந்தோம். இரசாயனவியல் மாஸ்ரரின் முகம் கடலைப் பார்த்துச் சிரிக்க, அதன் வெள்ளைப் புறம் எங்களுக்கு.

எங்களுக்கு என்றால் எனக்கும் ரிஸானாவுக்கும். இருவரும் பௌதிகவியல் படித்தவர்கள். அவள் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். நான் பாலையூற்றிலிருந்து போவேன். வெளிநாட்டு ஆய்வுக்குழு ஒன்று ஒரு செயற்கைக்கோளை வைத்து வானத்தின் கதிர்வெடிப்புகளைக் கவனித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு இரவாகும்போது நமக்குப் பகல். அவர்கள் நித்திரை கொள்ளும் நேரம் பார்த்துக்கொள்ளத்தான் எங்களை எடுத்தார்கள். கீழ்க்கடைக்காரர் படியேறும்போதெல்லாம் கேட்பார்: “பட்டப்பகல்ல என்ன பிள்ளையள் நட்சத்திரம் பாக்கிறியள்?”

நாங்கள் வானத்தைப் பார்த்ததேயில்லை. பார்த்ததெல்லாம் கோடுகளைத்தான். செயற்கைக்கோள் திடீரென்று அதிகக் கதிர்களைக் கண்டால் கணினி கூவும். வரைபடத்தில் ஊசிபோல ஒரு கோடு எழுந்து நிற்கும். அது சூரியனின் வேலையாக இருக்கலாம், பூமியைச் சுற்றிச் சிக்கியிருக்கும் துகள்களாக இருக்கலாம். எப்போதாவதுதான் அது மக்னெற்றார். இறந்துபோன பெரிய நட்சத்திரம் ஒன்று, இங்கிருந்து கிண்ணியா மட்டுக்குமான பத்திருபது கிலோமீற்றர் அகலத்துக்குள் சுருங்கி, நினைக்கவே ஏலாத காந்தபலத்தோடு சுழல்வதை அப்படிச் சொல்வார்கள். அதன் மேலோடு வெடித்தால், கண்ணிமைப்பதற்குள் முடிந்துபோகும் ஒரு கதிர்வீச்சு வரும். ஒவ்வொரு கூவலுக்கும் நாங்கள் ‘உண்மை’, ‘பொய்’, ‘சந்தேகம்’ என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

நான் எதற்கும் ‘சந்தேகம்’ குறிப்பவள். வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று பாதிவழியில் திரும்பும் ஆள் வேறு எதைக் குறிப்பாள்? அந்த நாட்களில் மகள் வயிற்றில் இருந்தாள். செயற்கைக்கோளில் பட்ட கதிர் கணினி வழியாக வந்து பிள்ளையைத் தாக்குமோ என்றுகூட ரிஸானாவிடம் கேட்டேன். படித்த பௌதிகவியலெல்லாம் மசக்கையோடு போய்விட்டது. அவள் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப்பார்த்தாள். “புள்ள, அப்பிடியெண்டா ரீவீல மழ பெஞ்சா நாம குடையெல்லோ புடிக்கணும்!”

அந்தக் காலை கணினி கூவியபோது அறையில் நான் மட்டும் இருந்தேன். வரைபடத்தைத் திறந்தேன். மெல்லிய ஒரு கோடு. வழக்கம்போல ‘சந்தேகம்’ குறித்துவிட்டு, சத்தியெடுக்க வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது ரிஸானா, தோள்பையைக்கூடக் கழற்றாமல் திரைக்கு முன்னால் நின்றாள்.

“இதென்ன புள்ள, இதப் போய்ச் சந்தேகத்தில போட்டிருக்கீங்க? கதிர் வந்த பக்கத்தப் பாருங்க. நம்மட பட்டியல்ல இருக்கிற பழைய மக்னெற்றார் ஒருத்தர் அங்கதான் கனகாலமா படுத்துக்கிடக்கார். முழிச்சிட்டார்!”

குறிப்பை ‘உண்மை’ என்று மாற்றி, உலகத்துக்கு அறிவிப்பை அனுப்பினாள். தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. அன்று பகல் முழுக்க அந்த நட்சத்திரம் வெடித்துக்கொண்டேயிருந்தது. நாங்கள் மீன் வைத்த மாலு பணிசைப் பிய்த்துத் தின்றபடி ஒவ்வொரு கூவலுக்கும் கைதட்டினோம். கீழ்க்கடைக்காரர் மேலே வந்து, “கிரிக்கெட்டோ?” என்று கேட்டார்.

பிறகு வெளியான ஆய்வுக்கட்டுரையில், ஒரு பெரிய பெயர்க்கூட்டத்துக்குள் எங்கள் இருவரின் பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றன. அதை யாரோ இப்போது முகநூலில் கண்டெடுத்துப் போட, பழைய மாணவர் சங்கத்தினர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். என் மாமா, கணவரின் தகப்பனார், துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். நான் வேலைக்குப் போன காலத்தில் யாரும் கேட்டால், “ஏதோ கொம்பியூட்டர் வேலையாம்” என்று மெல்லச் சொல்வார். அன்று கதிரையில் நிமிர்ந்திருந்து சொன்னார்: “உலகத்திலயே முதல் கண்டது என்ர மருமகள்தான். நல்லா எழுதுங்கோ.”

நான் தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்றேன். கோடு முதலில் என் கண்ணில்தானே பட்டது என்று மனம் ஒரு பக்கம் வாதாடியது. பட்டதைத்தான் நான் தள்ளிவைத்தேனே என்று மறுபக்கம். வந்திருந்தவர்கள் முன்னால் மாமாவைத் திருத்தவும் மனம் வரவில்லை. கூசிப்போய்க் குசினிக்குள் வந்து நின்றேன். பனரைக் கடக்கக் கூசி, இப்போது சந்தைக்குச் சுற்றிப் போகிறேன்.

அந்த அறை இப்போது போன் திருத்தும் கடை. செயற்கைக்கோள் செயலிழந்துவிட்டது. நட்சத்திரமும் மறுபடி அடங்கிவிட்டதாகக் கேள்வி. ரிஸானா கலியாணம் கட்டிப் புல்மோட்டையில் படிப்பிக்கிறாள். பெருநாளுக்கும் பொங்கலுக்கும் மட்டும் வாழ்த்து அனுப்பிக்கொள்ளும் அளவுக்கு நாங்கள் தூரமாகிவிட்டோம். ஒரு கூவலுக்கு இரண்டு தலைகள் ஒன்றாகக் குனிந்த நாட்கள் போய்விட்டன.

முந்தநாள் அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. “பேஸ்புக்கில பனரக் கண்டன் புள்ள. முகம் நல்லா வந்திரிக்கி. ஞாயிறு நானும் மகனக் கூட்டிக்கு வாறன். முன்னுக்கு ரெண்டு கதிர புடிச்சு வைங்க.” குத்தலா என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். இல்லை, உண்மையான சந்தோசம். அதுதான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொன்னாடை போர்த்தி என் கையில் ஒலிவாங்கியைத் தருவார்கள். முன்வரிசையில் ஒரு பக்கம் மாமா இருப்பார், மறுபக்கம் ரிஸானா. முதலில் மாமாவிடம் உண்மையை வீட்டிலேயே சொல்லிவிடுவதா? அவர் விழாவுக்கே வராமல் இருந்துவிட்டால்? எதுவும் சொல்லாமல் மேடையில் வைத்து அவளைக் கூப்பிடுவதா? ஊருக்கு முன்னால் மாமா தலை குனிந்தால்? இப்படியான இடத்தில் நின்றவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். என்ன செய்தீர்கள் என்று ஞாயிறுக்கு முன் எழுதுங்கள்.